மணிக்கு இரண்டாவது வீடு

"அம்மா, ஒரே ஒரு நாய்க்குட்டி!"

ஒரு வருஷ காலமாக எங்கள் வீட்டில் சுப்ரபாதம் இதுதான். என் பெண்ணுக்குப் பன்னிரண்டு வயது. காலையில் பல் தேய்க்கும்போது ஆரம்பித்தால் இரவு படுக்கை விரிக்கும் வரையில் நாய்க்குட்டிப் பாட்டுத்தான். கணக்கில் நல்ல மார்க்கு வாங்கினால் அதற்குப் பரிசாக நாய்க்குட்டி. மார்க்கு குறைந்தால், "வீட்டிலே ஒரு நாய்க்குட்டி இருந்தால் மனசு உற்சாகமாக இருக்கும், நன்றாகப் படிப்பேன்" என்று அதற்கும் நாய்க்குட்டி!

என் கணவர் பத்திரிகையிலிருந்து தலையை எடுக்காமலே, "வாங்கித்தான் கொடேன்!" என்பார். நாய்க்குச் சோறு போடுவதும், குளிப்பாட்டுவதும், அது அசுத்தம் செய்த இடத்தைத் துடைப்பதும் யார் தலையில் விடியும் என்பது அவருக்குத் தெரியாதா, என்ன? தெரிந்துதான் அத்தனை தாராளம்!

ஆனால் எங்கள் வீட்டு ஹைகோர்ட்டு என் மாமியார். திருநெல்வேலிச் சீமையில் முற்றமும் கிணறும் தொழுவமுமாக இருந்த வீட்டில் ஐம்பது வருஷம் வாழ்ந்தவர். மாமனார் காலமான பிறகு சென்னையில் எங்கள் அடுக்குமாடி வீட்டுக்கு வந்து சேர்ந்தார். "நாய் என்றால் வாசலில் காவல் கிடக்கிற ஜீவன். மூன்றாவது மாடியில் ஏதும்மா வாசல்?" என்று ஒரே கேள்வி கேட்டார். தீர்ப்பு முடிந்தது, அப்பீல் கிடையாது.

அப்படி இருந்தும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, "சும்மா பார்த்துவிட்டு வரலாம்" என்று நானும் என் பெண்ணும் நகரத்தில் உள்ள விலங்குக் காப்பகம் ஒன்றுக்குப் புறப்பட்டோம். விலை கொடுத்து ஜாதி நாய் வாங்குவதில் எனக்கு இஷ்டமில்லை. பனிப் பிரதேசத்து நாயைக் கொண்டுவந்து சென்னை வெயிலில் வாட்டுவானேன்? நம் ஊர் மண்ணில் பிறந்து, போக்கிடம் இல்லாமல் எத்தனையோ ஜீவன்கள் இருக்கின்றனவே!

பேட்டி கண்டது யார்?

காய்கறிக் கடையில் கத்தரிக்காய் பொறுக்குவதுபோல் நல்லதாக ஒரு குட்டியைப் பொறுக்கி எடுத்து வந்துவிடலாம் என்று நான் நினைத்திருந்தேன். அங்கே நடந்ததோ வேறு. பொறுப்பாளராக இருந்த அம்மாள் எங்களை உட்கார வைத்துக் கேள்விமேல் கேள்வியாகக் கேட்க ஆரம்பித்தார்.

"வீடு சொந்தமா, வாடகையா? பகலில் வீட்டில் யார் இருப்பார்கள்? நீங்கள் ஊருக்குப் போனால் நாயை யார் பார்த்துக்கொள்வார்கள்? நாய் பன்னிரண்டு, பதின்மூன்று வருஷம்கூட உயிரோடு இருக்கும். இந்தக் குழந்தை அதற்குள் காலேஜை முடித்துவிட்டுக் கல்யாணமாகியே போய்விடும். அப்புறம்?"

பெண் பார்க்கப் போன இடத்தில் மாப்பிள்ளையைக் குறுக்கு விசாரணை செய்தால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது எனக்கு. கடைசியாக அவர், "வீட்டில் எல்லோருக்கும் சம்மதம்தானே?" என்று கேட்டார். நான் மென்று விழுங்கினேன். என் பெண் இருக்கிறாளே, அரிச்சந்திரனின் பேத்தி! "ஆச்சிக்கு மட்டும் பிடிக்காது" என்று பட்டென்று சொல்லிவிட்டாள்.

"அப்படியானால் இன்றைக்கு நாய் கிடையாது. ஆச்சியையும் ஒரு தடவை அழைத்துக்கொண்டு வாருங்கள்" என்றார் அந்த அம்மாள். எனக்குச் சுருக்கென்றது. தர்மத்துக்கு நாய் எடுக்க வந்தவர்களை வெறுங்கையோடு திருப்பி அனுப்புகிறார்களே என்று கோபம்கூட வந்தது. ஒருவருக்குப் பிடிக்காமல் எடுத்துப் போன நாய்தான் முதலில் திரும்பி வரும் என்பது எனக்கு அப்போது தெரியவில்லை.

வழி காட்டிய பெண்மணிகள்

ஆச்சியின் மனம் இளகக் காத்திருந்த நாட்களில், இந்தக் காப்பகங்கள் எப்படித் தோன்றின என்று படித்துப் பார்த்தேன். நம் பெண்கள் காலரைத் தூக்கிவிட்டுக் கொள்ளலாம். இல்லை, தலைப்பை இழுத்துச் செருகிக்கொள்ளலாம்!

லண்டனில் 1860-ஆம் வருஷம், பட்டினியால் சாகக் கிடக்கும் தெரு நாய்களுக்கென்று ஹாலோவே என்ற பகுதியில் ஒரு புகலிடம் ஆரம்பித்தவர் மேரி டீல்பி என்ற சீமாட்டி. "மனிதர்களுக்கே இடமில்லை, நாய்களுக்கு விடுதியா?" என்று அன்றைய பத்திரிகைகள் பரிகாசம் செய்தன. அந்தப் புகலிடம் 1871-இல் பாட்டர்ஸீ என்ற இடத்துக்கு மாறி, இன்றைக்கும் நடந்து வருகிறது.

நம் நாட்டில் ருக்மிணி தேவி அருண்டேலை நாட்டியத்துக்காக எல்லோருக்கும் தெரியும். வாயில்லாப் பிராணிகளுக்காக அவர் வாதாடியது பலருக்குத் தெரியாது. 1952-இல் ராஜ்ய சபை அங்கத்தினரான அவர், பிராணிகளைக் கொடுமை செய்வதைத் தடுக்க ஒரு மசோதாவைக் கொண்டுவந்தார். சர்க்காரே சட்டம் கொண்டுவரும் என்று பிரதமர் நேரு வாக்குறுதி கொடுத்ததன்பேரில் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். 1960-இல் சட்டம் வந்தது. 1962-இல் விலங்கு நல வாரியம் ஏற்பட்டபோது முதல் தலைவியும் அவரே.

அதே சமயத்தில் சென்னையில் இன்னொரு குடும்பம். கேப்டன் சுந்தரம் விமானி. அவர் மனைவி உஷா சுந்தரமும் விமானி. 1959-இல் மழை வெள்ளத்தில் தத்தளித்த நாய்க்குட்டிகளைக் கேப்டன் சுந்தரம் வீட்டுக்குத் தூக்கி வந்தார். அந்த வீட்டில் முளைத்ததுதான் "ப்ளூ கிராஸ்" என்னும் ஸ்தாபனம். தெரு நாய்களைப் பிடித்துக் கொல்வதால் அவற்றின் தொகை குறைவதில்லை, குட்டி போடாமல் ஆபரேஷன் செய்து, வெறிநோய்த் தடுப்பூசியும் போட்டு விடுவதே வழி என்று 1964-லேயே அவர்கள் காரியத்தில் இறங்கினார்கள். சென்னை மாநகராட்சி அந்த வழிக்கு வந்தது 1996-இல். 2001-இல் அதுவே நாடு முழுவதற்கும் விதியாயிற்று. 2023-இல் அதற்குப் பதிலாகப் புதிய விதிகள் வந்தன.

இதையெல்லாம் நான் உரக்கப் படித்துக் காட்டினேன். மாமியார் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவியபடியே கேட்டுக்கொண்டிருந்தார். "ஆகாய விமானம் ஓட்டுகிற பொம்பளையா?" என்று மட்டும் ஒரு தடவை கேட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, "சரி, நானும் வந்துதான் பார்க்கிறேன். நாய்க்குச் சுவீகாரமாம், சுவீகாரம்!" என்று எழுந்து புடைவை மாற்றிக்கொண்டார்.

ஒரு எவர்சில்வர் கிண்ணம்

காப்பகத்தில் என் பெண் குட்டிகள் இருந்த பக்கம் ஓடினாள். என் மாமியார் மட்டும் ஓர் ஓரமாக நின்றுவிட்டார். அங்கே செம்பட்டை நிறத்தில் ஒரு பெரிய நாய், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. காது நுனியில் ஒரு சிறு வெட்டு. பக்கத்தில் ஓர் எவர்சில்வர் கிண்ணம்.

"அடப் பாவமே, யாரோ காதை அறுத்திருக்கிறார்களே!" என்றார் மாமியார்.

"அது ஆபரேஷன் ஆனதற்கு அடையாளம், அம்மா. மயக்கத்தில் இருக்கும்போதே செய்துவிடுவோம்" என்றார் பொறுப்பாளர். "இவளுக்கு நான்கு வயசு இருக்கும். ஒரு நாள் விடிகாலையில் எங்கள் வாசல் கம்பியில் கட்டிவிட்டுப் போயிருந்தார்கள். கிண்ணத்தையும் பக்கத்திலே வைத்திருந்தார்கள். வீடு மாறினார்களோ, என்ன கஷ்டமோ, தெரியாது. குட்டிகளை எல்லோரும் கேட்கிறார்கள். இவளை இதுவரை ஒருவரும் கேட்கவில்லை."

மாமியார் அந்தக் கிண்ணத்தைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார். விளிம்பில் இரண்டு எழுத்து வெட்டியிருந்தது. யாருக்கோ கல்யாணத்தில் வந்த பாத்திரம்.

"பேர் வெட்டின பாத்திரத்தில் சாப்பிட்ட பிள்ளை" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்து, "கைக்குழந்தையை யார் வேண்டுமானாலும் தூக்கிப் போவார்கள். இதை யார் கொண்டுபோவார்கள்?" என்றார்.

என் பெண்ணின் முகம் வாடிவிட்டது. அவள் கேட்டது உள்ளங்கையில் அடங்கும் குட்டி. கிடைத்ததோ முழங்கால் உயர நாய். ஆனாலும் ஹைகோர்ட்டு தீர்ப்பாயிற்றே! பெயர் வைக்கும் வைபவமும் ஆட்டோவிலேயே முடிந்தது. என் பெண் பத்துப் பதினைந்து இங்கிலீஷ் பெயர்களைச் சொன்னாள். "நாய்க்கு மணி என்று வைக்காமல் வேறென்ன வைப்பார்கள்?" என்று மாமியார் அதற்கும் முற்றுப்புள்ளி வைத்துவிட்டார்.

மூன்று வாரச் சோதனை

இனிமேல் வரும் பகுதியை, நாய் எடுக்க ஆசைப்படும் சகோதரிகள் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டுகிறேன்.

வந்த அன்றைக்கே மணி வாலை ஆட்டிக்கொண்டு என் பெண்ணோடு பந்து விளையாடினாள் என்று எழுத எனக்கும் ஆசைதான். மணியோ சோபாவுக்கு அடியில் புகுந்தவள் இரண்டு நாள் வெளியே வரவில்லை. சோறு வைத்தால், நாங்கள் விளக்கை அணைத்துப் படுத்த பிறகுதான் சாப்பிட்டாள். கூடத்தில் அசுத்தம் செய்தாள். நடுநிசியில் ஊளையிட்டாள். நவராத்திரிக்கு வாங்கிய என் காஞ்சிப் பட்டின் முந்தானையைக் கடித்துத் துவைத்துவிட்டாள்.

எல்லாவற்றையும்விட மனத்தை அறுத்தது வேறொன்று. லிப்டுக் கதவு திறக்கும் சத்தம் கேட்டால் போதும். எங்கிருந்தாலும் வாசலுக்கு ஓடுவாள். கதவிடுக்கில் மூக்கை வைத்து மோந்து பார்ப்பாள். வந்தவர் தான் தேடும் ஆள் இல்லை என்று தெரிந்ததும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு சோபாவுக்கு அடியில் போய்விடுவாள். ஒரு நாளைக்கு இருபது தடவை இப்படி! "நம்மை அவளுக்குப் பிடிக்கவே இல்லையாம்மா?" என்று என் பெண் அழுதாள்.

இதற்கிடையில் குடியிருப்போர் சங்கத்துக் காரியதரிசி வந்து சேர்ந்தார். "ஜாதி நாய் என்றாலும் பரவாயில்லை. போயும் போயும் தெரு நாயா?" என்றார். அப்போதுதான் என் கணவர் பத்திரிகையிலிருந்து தலையை எடுத்தார்.

"ஸார், 1957-இல் முதன்முதலாகப் பூமியைச் சுற்றி வந்த ஜீவன் லைக்கா. மாஸ்கோ தெருவில் திரிந்த நாய். பசியும் குளிரும் தாங்கிப் பழகியது தெரு நாய்தான் என்று ரஷ்ய விஞ்ஞானிகள் தேடிப் பிடித்தார்கள். பாவம், அது திரும்பவில்லை. 1960-இல் போய்ப் பத்திரமாகத் திரும்பிய பெல்காவும் ஸ்ட்ரெல்காவும் தெரு நாய்களே. ஸ்ட்ரெல்கா போட்ட குட்டி ஒன்று அமெரிக்க ஜனாதிபதி கென்னடியின் மாளிகையில் வளர்ந்தது. மூன்றாவது மாடிக்குத் தெரு நாய் வரக்கூடாதா, ஸார்?" என்று ஒரு போடு போட்டார். அடுக்குமாடிச் சங்கங்கள் நாய் வளர்ப்பதை அடியோடு தடை செய்யக்கூடாது என்று விலங்கு நல வாரியம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளையும் எடுத்துக் காட்டினார். காரியதரிசி காப்பி சாப்பிட்டுவிட்டுப் போனார்.

ஆனால் கூடத்தைத் துடைப்பது நான்தானே? மூன்றாவது வாரம் ஒரு நாள், தூக்கமில்லாத கண்களோடு காப்பகத்துக்குப் போன் செய்து, "எங்களால் முடியவில்லை. திருப்பிக் கொண்டுவந்து விடட்டுமா?" என்று கேட்டேவிட்டேன். ஏசப் போகிறார் என்று எதிர்பார்த்தேன். அந்த அம்மாள் ஏசவில்லை.

"தாராளமாகக் கொண்டுவாருங்கள். கேட்டுவிட்டு வருகிறீர்களே, அதற்கே சந்தோஷம். வாசலில் கட்டிவிட்டுப் போகிறவர்கள் எங்களிடம் கேட்பதில்லை" என்றார். பிறகு, "ஒரு கணக்கு உண்டு. பயம் தெளிய மூன்று நாள். வீட்டுப் பழக்கம் படிய மூன்று வாரம். இது நம் வீடு என்று நினைக்க மூன்று மாதம். ஒன்றுக்கு முன்பின் இருக்கலாம். நீங்கள் பாதி வழிகூட வரவில்லை. யோசித்துச் சொல்லுங்கள்" என்றார்.

போனை வைத்துவிட்டுத் திரும்பினேன். மாமியார் பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

"ஏம்மா, நான் ஊரை விட்டு இங்கே வந்தபோது எத்தனை நாள் யாரோடும் சரியாகப் பேசாமல் இருந்தேன், ஞாபகம் இருக்கா? அந்த ஜன்னலண்டையே உட்கார்ந்துகொண்டு, போட்ட சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்திருப்பேன். என்னைத் திருப்பியா அனுப்பினீர்கள்?"

எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. அத்தை அந்த நாட்களில் என்ன நினைத்துக்கொண்டிருந்தார் என்று நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லையே என்பதுதான் அப்போது எனக்குத் தோன்றியது. மறுபடி போனை எடுத்து, "மணி இங்கேயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டேன்.

உங்கள் வீட்டுக்கும் ஒரு மணி வந்தால்

அதன் பிறகு நாங்கள் கற்றுக்கொண்ட சிலவற்றைச் சகோதரிகளுக்குச் சொல்கிறேன்.

முதலில் டாக்டர். வீட்டுக்கு வந்த சில நாட்களுக்குள் கால்நடை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். குட்டியானால் ஆறு முதல் எட்டு வாரத்தில் தடுப்பூசிகள் ஆரம்பமாகும். வெறிநோய்த் தடுப்பூசி சுமார் மூன்று மாதத்தில் போட்டு, பிறகு டாக்டர் சொல்கிற கெடுவில் தவறாமல் போட வேண்டும். பூச்சி மருந்தும் அவசியம். எட்டு வாரம் ஆகாத குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்கவே கூடாது. எந்த நாய் கடித்தாலும், பிராண்டினாலும், உடனே சோப்புப் போட்டுக் காயத்தை ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிஷம் கழுவிவிட்டு, தாமதமில்லாமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வெறிநோய் கண்ட பிறகு வைத்தியம் பலிப்பதில்லை. முன்கூட்டிப் போடும் ஊசிதான் காப்பாற்றும். மாநகராட்சியில் உரிமமும் வாங்கிவிடுங்கள்.

அடுத்தது சாப்பாடு. எங்கள் வீடு சைவம். "தயிர் சாதம் மட்டும் போட்டால் பலம் போதாது, முட்டை கொடுங்கள்" என்று டாக்டர் சொன்னதும் நான் மாமியாரின் முகத்தைப் பார்த்தேன். பால்கனியில் தனி அடுப்பு, தனிப் பாத்திரம் என்று உத்தரவாயிற்று. வெங்காயம் போட்ட சாம்பார், சாக்லேட், திராட்சை இவை நாய்க்கு விஷம். பாயசத்தில் போடும் உலர்ந்த திராட்சையும் அப்படியே. பண்டிகை நாளில் மீந்ததை எல்லாம் பிரியமாக வைத்துவிடாதீர்கள். அசைவ வீடானால், வேக வைத்த கோழி எலும்பு வேண்டாம். அது சில்லுச் சில்லாக உடைந்து குடலைக் கிழித்துவிடும்.

மூன்றாவது, நேரம். சோறு, வெளியே அழைத்துப் போவது, தூக்கம் எல்லாம் தினமும் ஒரே வேளையில் நடக்க வேண்டும். அசுத்தம் செய்தால் அடிப்பதில் பிரயோஜனம் இல்லை. வெளியே போய்ச் செய்தால் தட்டிக்கொடுத்து ஒரு துண்டு பிஸ்கோத்துக் கொடுங்கள், போதும். சோபாவுக்கு அடியில் இருந்தால் இழுக்காதீர்கள். அது தானாக வரும்.

நான்காவதுதான் முக்கியம். ஒரு நாள் இரக்கத்தில் நாய் எடுக்க வேண்டாம். முடியவில்லை என்றால், எடுத்த இடத்திலேயே சொல்லி ஒப்படையுங்கள். பிராணியை அல்லல்படும்படி கைவிடுவது 1960-ஆம் வருஷத்துச் சட்டப்படி குற்றம். சட்டம் கிடக்கட்டும், லிப்டுச் சத்தத்துக்கு ஓடிய மணியைப் பார்த்தவர்களுக்குச் சட்டம் தேவையில்லை.

புதுக் கிண்ணம்

எந்த நாளில் மணி எங்களுடையவளானாள் என்று என்னால் தேதி குறித்துச் சொல்ல முடியாது. ஒரு நாள் விடிகாலையில், வீட்டு வாசலில் மாமியார் இரண்டிழைக் கோலம் போட்டுக்கொண்டிருந்தார். மணி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மறுநாளும் வந்தாள். அப்புறம், "மணிக்கு முட்டை ஆச்சா?" என்று மாமியார் என்னை அதட்டத் தொடங்கினார். என் பெண் பாடம் படிக்கும்போது அவள் காலடியில் மணி தூங்கினாள். இப்போதெல்லாம் லிப்டுக் கதவு திறந்தால் ஒரு காதை மட்டும் தூக்கிப் பார்த்துவிட்டுப் பேசாமல் படுத்துக்கொள்கிறாள். மாலை நாலு மணிக்கு மட்டும் வாசலுக்கு ஓடுகிறாள். அது பள்ளிக்கூடம் விட்டு என் பெண் வரும் நேரம்.

போன மாதம் மாமியாரோடு பாத்திரக் கடைக்குப் போயிருந்தேன். குழிவான எவர்சில்வர் கிண்ணம் ஒன்றைத் தேடி எடுத்து, பேர் வெட்டித் தரச் சொன்னார்.

"யார் பேர் வெட்டணும், பாட்டியம்மா?" என்று கேட்டான் கடைப் பையன்.

"மணி."

"பேரனுங்களா?"

"பேத்தி" என்றார் மாமியார்.

பழைய கிண்ணத்தை நாங்கள் எறிந்துவிடவில்லை. அதில் மணிக்குத் தண்ணீர் வைக்கிறோம்.